அத்தை எழுதிய பதிப்புரை

"படித்துக் காட்டக் கேட்டேன், சரி." கோர்ட்டில் சாட்சி சொல்லி முடித்தவர்களின் வாக்குமூலத்துக்குக் கீழே அத்தை இந்த வரியைத் தட்டச்சு செய்வதைப் பள்ளி விடுமுறை ஒன்றில் வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன். படித்துக் காட்டுவது பெஞ்ச் கிளார்க்கின் வேலை. அவர் அதை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டிவிட்டுப் போய்விடுவார். அத்தை அப்படி விடமாட்டாள். கூண்டிலிருந்து இறங்கிச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பக்கத்தில் வரச் சொல்லி, அவள் சொன்னதை அவளுக்கே மெதுவாகப் படித்துக் காட்டுவாள். "நான் இப்படிச் சொல்லலியேம்மா" என்று யாராவது சொன்னால் தாளை மறுபடியும் இயந்திரத்தில் செருகுவாள். இதனால் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும். கிளார்க் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்ப்பார். அத்தை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. திருமணம் ஆகவில்லை. திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றின் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தட்டச்சராக இருந்தாள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய அறை. கணவனிடம் ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்களின் வழக்குகள் அந்தக் கோர்ட்டில் அதிகம். அவர்கள் பேசுவது ஒன்றாகவும் தாளில் ஏறுவது வேறொன்றாகவும் இருக்கும். "அவன் என்னைய ஒரு ஆளா வச்சுப் பேசலம்மா" என்று களக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னது, "எதிர்மனுதாரர் மனுதாரரைப் புறக்கணித்தார்" என்று பதிவானது. மாஜிஸ்திரேட் சொல்லச் சொல்ல அடிப்பதுதான் வேலை என்பதால் அத்தையும் அப்படியே அடித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண் சொன்ன சொல்லைச் சொன்ன மாதிரியே எழுதி வைத்தாள். பேரையும் ஊரையும் மாற்றி, அவள் எப்படி நின்றாள், யாரைப் பார்த்துப் பேசினாள், எந்த இடத்தில் சிரித்தாள் என்பதையும் சேர்த்தாள். இப்படிப் பல வருஷங்களில் சேர்ந்ததுதான் அவளுடைய புத்தகம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாலிடெக்னிக்கில் கணினி டிப்ளமோ முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒரு டிடிபி சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், கல்லூரி மலர் என்று எல்லாம் அங்கே வரும். கணினியில் அடித்து, லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் தாளில் பிரதி எடுத்துக் கொடுத்தால், அதை அப்படியே வைத்து அச்சகத்தில் அச்சுத் தகடு செய்துகொள்வார்கள். நடுவில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடேயே அச்சாகும். வேலையில் சேர்ந்ததும் முதலாளி எனக்குச் சொல்லித் தந்தது இதைத்தான்.

புத்தகம் போடலாமா என்று அத்தை என்னிடம் கேட்டபோது எனக்குத் தெரிந்த முறையில் பதில் சொன்னேன். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் நாமே போடுவது: தாளும் அட்டையும் நம் விருப்பம், எத்தனை பிரதி என்பதும் நம் விருப்பம், ஒரு சொல்லும் மாறாது, கணினி வேலைக்குக் கூலி கிடையாது. ஆனால் விற்க ஆள் இல்லை, பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடக்கும். வலப்பக்கம் பணம் வாங்கிக்கொண்டு போட்டுத்தரும் சென்னைப் பதிப்பகம்: செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, விலைப் பட்டியலில் பேர் வரும், நூலகங்களுக்குப் போக வாய்ப்பு உண்டு, கணக்குக் கேட்க முடியாது. இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்தால் இடப்பக்கம்தான் ஜெயித்தது. அத்தை தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வலப்பக்கத்தின் அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: நம்மைத் தவிர இன்னொருவர் படித்திருப்பார்.

அவள் எதற்குப் பயந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்த ஒருவர், ஓய்வுபெறும் சமயத்தில் தம் கவிதைகளைத் தாமே அச்சிட்டார். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் முதல் பக்கத்தில் ஒரு பதிப்பகத்தின் பேரைப் போட்டாக வேண்டும் என்பதற்காக வீட்டுக்காரி பேரில் ஒன்றை உண்டாக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் மனைவி பேரில் பதிப்பகம் வைத்து, வீட்டு முகவரியைப் போட்டு, பிரிவுபசார விருந்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய்ப் பையில் ஆளுக்கு ஒன்று வைத்துக் கொடுத்தார். பதிப்புரையில் அவருடைய மனைவி அவரை மகாகவி என்று எழுதியிருந்தார். அந்த அம்மாளுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும் என்பது கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். பையிலிருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு புத்தகத்தைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியவர்களை அத்தை பார்த்திருக்கிறாள்.

"ஒங்களுக்கு வீட்டுக்காரரும் இல்ல. ஒங்க பேர்லயே பதிப்பகம் வச்சிருவோம் அத்தே" என்றேன்.

"பொண்ணும் நானே, பொண்ணு பாக்க வந்தவனும் நானேயா? நல்லாருக்கு பிள்ளே" என்றாள்.

பிரதியைச் சென்னைக்கு அனுப்பினாள். கொஞ்ச நாளில் பதில் வந்தது. தங்கள் படைப்பு எங்கள் ஆசிரியர் குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது என்று முதல் வரியில் இருந்தது. அனுப்ப வேண்டிய தொகை இரண்டாவது பத்தியில் இருந்தது. நான் இரண்டாவது பத்தியைப் படித்தேன். அத்தை முதல் வரியையே படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சமையலறையில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன்னால் அவள் பாடி நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு விஷயம் தெரிந்ததும், சாப்பிட்டுக்கொண்டே, அத்தையின் காதில் விழும்படியாக அம்மாவிடம் சொன்னார்: "அன்னைக்கு நகை கூடக் கேட்டான்னு மாப்பிள்ளைய வேண்டாம்னு சொன்னவ, இன்னைக்குப் புத்தகத்துக்குச் சீர் செய்யுதா." அத்தை அவர் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் போனாள். வருங்கால வைப்பு நிதியில் கடன் எடுத்துப் பணத்தை அனுப்பினாள்.

பணம் போய்ச் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாக வேலை எங்கள் பக்கம் நகர்ந்தது. முதலில், கணினியில் அடிக்கும் வசதி உங்கள் ஊரிலேயே இருந்தால் அடித்து அனுப்புங்கள், பிழை குறையும் என்றார்கள். நான் அடித்தேன். சென்டரில் வேலை முடிந்ததும் அத்தை வந்து பக்கத்தில் உட்காருவாள். ஒவ்வொரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துத்தான் சரி சொல்வாள். அப்புறம் அட்டையை நீங்களே செய்துவிடுங்கள் என்றார்கள். அதையும் செய்தேன். கடைசியாக வந்த கடிதத்தில், நூலின் சிறப்புகளைக் குறிப்பிட்டு ஒரு பக்க அளவில் பதிப்புரையையும் தாங்களே எழுதி அனுப்பவும், எங்கள் பேரில் வெளியிட்டுக்கொள்கிறோம் என்று இருந்தது.

பல புத்தகங்களை அடித்துப் பார்த்துவிட்ட இன்றைக்கு இது எனக்குச் சாதாரணம். அன்றைக்கு அப்படி இல்லை. அத்தை கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அடி பிள்ளே, சொல்லுதேன்" என்றாள். "இந்நூலாசிரியர் அம்மையார் அவர்கள்" என்று ஆரம்பித்தாள். நான் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் கழுத்துச் சங்கிலியை விரலில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்தாள். மறுபடியும், "அம்மையார் அவர்கள், பெண்களின் துயரை" என்றாள். பிறகு எழுந்துபோய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். ஆயிரக்கணக்கான பேரின் பேச்சைத் தடங்கலில்லாமல் அடித்த கை அது. தன்னைப் பாராட்டி ஒரு வாக்கியம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நாளைக்குப் பாப்போம்" என்று போய்விட்டாள்.

அடுத்த நாள் அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. அது எனக்கு இப்போதும் மனப்பாடமாக இருக்கிறது:

"இந்நூலை வெளியிடுவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். இதை எங்கள் பதிப்பகத்தில் எவரும் படிக்கவில்லை. ஆசிரியர் பணம் அனுப்பினார், பெற்றுக்கொண்டோம். பக்கங்களை அச்சுக்கு ஆயத்தம் செய்து அனுப்பினார், அச்சுக்குக் கொடுத்தோம். இப்பதிப்புரையையும் எழுதி அனுப்பச் சொன்னோம். இதில் வரும் பெண்கள் யாரென்று நாங்கள் அறியோம். எங்களுக்குப் படித்துக் காட்டப்படாததால் சரியென்றோ தவறென்றோ சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. வாசகர்கள் படித்துச் சொல்ல வேண்டுகிறோம்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினேன்.

"இதைப் போடமாட்டாங்க அத்தே."

"வாசிச்சாப் போடமாட்டாங்க. வெட்டிருவாங்க. போன் பண்ணி ஏசுவாங்க." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏசட்டும் பிள்ளே. வாசிச்சாத்தான ஏச முடியும்?"

மற்ற பக்கங்களோடு அதையும் ட்ரேசிங் தாளில் எடுத்து, அட்டைக் குழாயில் சுருட்டி, கூரியரில் அனுப்பினோம். அதற்குப் பிறகு அவள் தபால்காரருக்காகக் காத்திருந்த மாதிரி யாரும் ஒரு வசவுக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே "ஏதும் வந்துச்சா?" என்று கேட்பாள். எதுவும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவளே என்னைக் கூட்டிக்கொண்டு தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். ரிசீவரை எனக்கும் கேட்கிற மாதிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பதிப்பாளரே பேசினார். பக்கங்கள் வந்து சேர்ந்தன, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றார்.

"பதிப்புரை அனுப்பியிருந்தேன். அது சரியா இருக்கான்னு கேக்கலாம்னு..."

"பிரமாதம்மா. ரெண்டு வாட்டி படிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு. நீங்க எழுதின மாதிரியே போட்டுடறோம், ஒரு எழுத்து மாத்தல."

அத்தை எதிரே சுவரில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த மீட்டரைப் பார்த்தாள். "சரிங்க" என்று வைத்துவிட்டாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் நான்தான் சொன்னேன், இன்னும் தகடு போட்டிருக்கமாட்டார்கள், வேறு பக்கம் ஒன்று அடித்துத் தருகிறேன், நாளைக்கே அனுப்பிவிடலாம் என்று.

"ரெண்டு தடவ வாசிச்சாராம்லா. கண்ணும் கலங்கிருச்சாம்" என்றாள். "கண்ணு கலங்குன மனுசன்ட்டப் போயி மாத்தச் சொல்லவா?"

புத்தகங்கள் லாரி சர்வீஸில் வந்தன. முதல் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தாள். அட்டையைப் பார்க்கவில்லை, தன் பேரைப் பார்க்கவில்லை, நேராக ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினாள். கீழே பதிப்பாளரின் பேர் தடித்த எழுத்தில் இருந்தது. மேலே அவள் எழுதிய அத்தனையும் இருந்தது. மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள், "ஒரு வரிகூட வெட்டலியே பிள்ளே" என்றாள். ஏதோ ஒரு குழந்தை சாப்பிடாமல் தூங்கிவிட்டதைச் சொல்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

வெளியீட்டு விழாவை அப்பாதான் நடத்தினார். சென்னையில் அச்சாகி வந்துவிட்டதால் அவருக்கு இப்போது அது குடும்பத்துப் புத்தகம். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட ஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் அத்தைக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் பேசினார். புத்தகத்தைக் கையில் உயர்த்திப் பிடித்திருந்தாரே தவிரத் திறக்கவில்லை. தலைநகரத்துப் பதிப்பகம் ஒன்று நம் தாமிரபரணிக் கரையின் எழுத்தைத் தேடிவந்து பதிப்பித்திருக்கிறது, இந்நூலின் தரத்தைச் சொல்லப் பதிப்புரை ஒன்றே போதும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் அப்பா பலமாகத் தட்டினார். மேடையில் அத்தை பொன்னாடையின் ஜரிகையை நீவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தை ஒருவரும் படிக்காமல் போயிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சில வாரங்கள் கழித்து வக்கீல் குமாஸ்தா ஒருவரின் கண்ணில் அது பட்டது. அவர் அதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தார். கோர்ட்டு வாசல் டீக்கடையில் அது கை மாறிக்கொண்டே போனது. எழுதியது அவளாக இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கீழே பதிப்பாளரின் பேர் இருக்கிறதே. பதிப்புரையை எழுதி அனுப்பச் சொன்னோம் என்ற வரியையும் அவருடைய குத்தலாகவே எடுத்துக்கொண்டார்கள். டைப்பிஸ்ட் அம்மாவிடம் காசையும் வாங்கிக்கொண்டு மெட்ராஸ்காரன் மானத்தையும் வாங்கிவிட்டான் என்று சிரித்தார்கள். சிலர் நேரில் வந்து துக்கம் விசாரிப்பது மாதிரி விசாரித்தார்கள். நான்தான் எழுதினேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் எழுதினாய் என்பதையும் சொல்ல வேண்டும். பணம் கொடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதை, அந்தப் பணத்துக்குக்கூட யாரும் படிக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அத்தை தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டு தட்டச்சு செய்தாள்.

அப்பா கொதித்துப்போய் வந்தார். "வக்கீல் நோட்டீஸ் விடணும் இவனுக்கு. என்னத்த எழுதி வச்சிருக்கான் பாத்தியாட்டி?"

"விடுங்கண்ணே. அதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்றாள் அத்தை. பிறகு, கொஞ்சம் தயங்கி, "மத்த பக்கம் எதும் வாசிச்சேளா?" என்று கேட்டாள்.

அப்பா கையிலிருந்த ஜெராக்ஸ் தாளையே மறுபடியும் பிரித்தார்.

இப்போது நான் தனியாக இரண்டு கணினி போட்டுச் சின்னதாக ஒரு சென்டர் வைத்திருக்கிறேன். அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். பகலில் என்னோடு கடையில்தான் இருக்கிறாள். வருகிறவர்களின் பக்கங்களைப் பிழை பார்ப்பது அவள் வேலை. அதன் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. புத்தகம் போட நினைக்கிறவர்கள் என்னிடம் பழைய கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நாமே போடலாமா, பதிப்பகத்தில் பணம் கட்டலாமா? நான் அவர்களுக்கும் நடுவில் கோடு போட்டுத்தான் எழுதித் தருகிறேன். இன்னொருவர் படித்திருப்பார் என்று அத்தை அன்றைக்குச் சேர்த்த வரியை மட்டும் நான் எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. அந்தச் சரக்கை விற்கிற இடம் எதுவும் எனக்குத் தெரியாது.

போன மாதம் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒருவர் வந்தார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மஞ்சள் பையில் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் பிரதி வைத்திருந்தார். பையிலிருந்து முதலில் அவர் எடுத்தது ஒரு ஜெராக்ஸ் தாள். பல கை மாறி எழுத்து மங்கியிருந்தது. இருந்தாலும் தூரத்திலிருந்தே எனக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. இந்தப் பதிப்பகத்தின் முகவரி வேண்டும், அச்சு வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வந்ததாகச் சொன்னார்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுத ஆளு இந்தக் காலத்துல யாரு இருக்கா? யாரும் வாசிக்கலன்னு அச்சுல போடுததுக்கு ஒரு மனசு வேணும்லா. நாம குடுத்தா இவருகிட்டதான் குடுக்கணும்னு முடிவு பண்ணிட்டேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றினாள். "இது எந்தப் புத்தகத்துல வந்துச்சு அண்ணாச்சி?"

"அது தெரியலம்மா. இந்தப் பக்கம் மட்டுந்தான் கைக்கு வந்துச்சு."

அத்தை ஒரு துண்டுத் தாளை எடுத்து, மனப்பாடமாகவே, பதிப்பகத்தின் பேரையும் தெருவையும் பின்கோடையும் எழுதினாள். அதை அவரிடம் நீட்டிவிட்டு, பையைப் பார்த்துக் கேட்டாள்: "அனுப்புததுக்கு முன்னால அதை இங்கன வச்சிட்டுப் போங்களேன். ரெண்டு நாள்ல முழுசும் வாசிச்சிட்டுத் தாரேன்."

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்த மாதிரி இருந்தது. "நீங்க எதுக்கும்மா சிரமப்படணும்? அவங்க மெட்ராஸ்ல வாசிச்சுக்கிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே பையின் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முகவரித் தாளைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு படியிறங்கினார்.